பட்ஜெட் மேல் பழி போடாதீர்கள்

போன மாதம் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வீட்டில் கூடி ‘ஷார்க்நேடோ’ பார்த்தோம். மாதம் ஒரு நாவலைப் பேசும் கூட்டம்தான் அது. அன்றைக்கு நாவலை முடித்துவிட்டு வந்தவர்கள் இரண்டே பேர் என்பதால் படம் போட்டார்கள். சூறாவளி ஒன்று கடலிலிருந்து சுறாக்களை அள்ளிக்கொண்டு வந்து லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் கொட்டும். கடைசியில் நாயகன் செயின்சாவோடு, மேலிருந்து விழும் சுறாவின் வாய்க்குள் தானே பாய்ந்து, வயிற்றை அறுத்துக்கொண்டு வெளியே வருவார். வீடு முழுக்கச் சிரிப்பு. நானும்தான் சிரித்தேன். படம் முடிந்ததும் ஒருவர் சொன்னார்: “இவ்ளோ மோசமா இருக்கிறதாலதான்டா இது நல்லாருக்கு.” இன்னொருவர் கொஞ்சம் இரக்கப்பட்டு, “பட்ஜெட் இல்லலா, பாவம். அவங்களால முடிஞ்சது அவ்ளோதான்” என்றார்.

இந்த இரண்டு பேச்சையும் எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன். முதலாவது திமிர். இரண்டாவது, இரக்கம் மாதிரி வேஷம் போட்ட திமிர். சுறா படத்துக்கு மட்டும் சொன்னால் விட்டுவிடலாம். உள்ளூர்க் குறும்படம், டெலிமூவி, ஏன், நேற்று வெளியீடு கண்ட சிறுகதைத் தொகுப்பு வரைக்கும் நாம் இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறோம்? ஒன்று, தனியாக வாட்ஸ்ஆப்பில் சிரிக்கிறோம். இல்லையென்றால், மேடையில் ‘வசதி இல்லாத சூழலில் இந்த முயற்சி’ என்று தட்டிக்கொடுக்கிறோம். இலக்கிய இதழில் சுறாவுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் தாராளமாக அடுத்த கட்டுரைக்குப் போகலாம்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எனக்கு இந்தப் படங்கள் பிடிக்கும். வெட்கமில்லாமல் பிடிக்கும். 2007-இல், எனக்குப் பத்து வயது இருக்கும், அப்பா செவ்வாய்க்கிழமை பாசார் மாலாமிலிருந்து ஐந்து வெள்ளிக்கு ஒரு டிவிடி வாங்கி வந்தார். ஊரே ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ பேசிக்கொண்டிருந்த சமயம். உறையில் பெரிய ரோபோ, பின்னால் எரியும் நகரம். எழுத்துக் கூட்டிப் படித்தால் ‘டிரான்ஸ்மார்ஃபர்ஸ்’! ‘தி அசைலம்’ என்ற அமெரிக்க நிறுவனத்தின் சரக்கு அது. பெரிய ஸ்டூடியோ படம் வரும் சமயத்தில் கிட்டத்தட்ட அதே பெயரில் ஒரு மலிவுப் படத்தை இறக்குவதுதான் அவர்களின் வியாபாரம். அதற்கு முந்தைய ஆண்டு, விமானத்தில் பாம்பு விடும் படம் ஒன்று வந்தபோது, இவர்கள் ரயிலில் பாம்பு விட்டார்கள். அப்பாவுக்கு ஏமாந்தது கடைசிவரை தெரியாது. நான் சொல்லவில்லை. அந்தப் படத்தை நான்கு முறை பார்த்தேன்.

சைஃபை சேனலில் சனிக்கிழமை இரவுகளில் வந்த படங்களை அதற்குப் பிறகுதான் ஹாஸ்டலில் தேடித் தேடிப் பார்த்தேன். ‘போவா வெர்சஸ் பைத்தான்’, மனிதன் கொசுவாக மாறும் ‘மான்ஸ்கிட்டோ’, பாதி சுறா பாதி ஆக்டோபஸான ‘ஷார்க்டோபஸ்’. யானையும் திமிங்கலமும் சண்டை போட்டால் எது ஜெயிக்கும் என்று சின்ன வயதில் தம்பியோடு மணிக்கணக்கில் சண்டை போட்டவன் நான். பெரியவர்கள் ‘போய்ப் படி’ என்று விரட்டும் அந்தக் கேள்வியை யாரோ சிலர் சம்பளம் வாங்கிக்கொண்டு படமாக எடுக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. இன்னொன்றும் இருக்கிறது. பெரிய படங்களில் உலகத்தைக் காப்பாற்றுகிறவன் கோடீஸ்வரன், அல்லது வேறு கிரகத்துக் கடவுள். இவற்றில் காப்பாற்றுவது சின்ன ஊர் ஷெரீப், படகோட்டி, மதுக்கடை நடத்துகிறவன். ஆயுதம் கேஸ் சிலிண்டர், ஹைடென்ஷன் கம்பி, பட்டறையில் கிடக்கும் சாமான். ஷார்க்நேடோவில்கூடச் சூறாவளியை நிறுத்துவது கையால் கட்டிய வெடிகுண்டுதான். செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறவரின் பிள்ளைக்கு இது எப்படிப் பிடிக்காமல் போகும்?

இன்ஜினியர் என்றதும் எல்லோரும் எதிர்பார்க்கும் புகார் ஒன்று உண்டு. 2009-இல் வந்த ‘மெகா ஷார்க் வெர்சஸ் ஜயண்ட் ஆக்டோபஸ்’ படத்தில் சுறா கடலிலிருந்து எம்பிப் பறக்கும் பயணிகள் விமானத்தைக் கடிக்கும். கணக்குப் போட்டேன், உண்மைதான். பத்துக் கிலோமீட்டர் உயரத்துக்குப் போகவேண்டுமென்றால், காற்றுத் தடையை மறந்துவிட்டாலும், அது வினாடிக்கு 440 மீட்டருக்கு மேலான வேகத்தில் தண்ணீரைவிட்டுக் கிளம்பவேண்டும். ஒலியைவிட வேகம். அதே படத்தில் விஞ்ஞானிகள் கலர் கலரான தண்ணீரை ஒரு குடுவையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றி ஆராய்ச்சி செய்வார்கள். எங்கள் லேபில் அப்படிச் செய்தால் டெக்னீசியன் அண்ணன் வெளியே தள்ளிவிடுவார். ஆனால் இதெல்லாம் குறையே இல்லை. புராணத்தில் மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தவரிடம் நாம் எடை கேட்டோமா?

குறை அந்த விமானம் விழுந்த பிறகு தொடங்குகிறது. அதில் இருந்த யாருக்காகவும் படம் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. அடுத்த காட்சி, அடுத்த கடி. தொலைக்காட்சிப் படம் என்றால் ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கு முன்னும் யாராவது சாகவேண்டும், இல்லையென்றால் ஜனங்கள் சேனலை மாற்றிவிடுவார்கள். அதனால் சாவு இங்கே கடிகார மணி மாதிரி. நேரத்துக்கு அடிக்கும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் ‘பட்ஜெட் இல்லலா’ என்று வருவார்கள். சரி, 1975-இல் வந்த ‘ஜாஸ்’ படத்தை எடுத்துக்கொள்வோம். அது பெரிய பட்ஜெட் படம்தான், மறுக்கவில்லை. ஆனால் சுறாவுக்குப் பலியான சிறுவனின் அம்மா கறுப்பு உடையில் துறைமுகத்துக்கு வருவாரே, ஞாபகம் இருக்கிறதா? ஆபத்து இருப்பது தெரிந்தும் கடற்கரையைத் திறந்து வைத்திருந்த போலீஸ் அதிகாரியின் கன்னத்தில் அறைவார். அந்த அறைக்கு என்ன செலவு? ஒரு நடிகை, ஒரு கறுப்பு முகத்திரை, ஒரு மரப்பலகைத் துறை. கிராஃபிக்ஸ் பூஜ்யம். எங்கள் ஹாஸ்டல் பையன்கள் எடுத்திருக்கக்கூடிய காட்சி அது. ஜாஸிலிருந்து இந்தத் தொலைக்காட்சிப் படங்கள் எல்லாவற்றையும் திருடின. கடற்கரையை மூட மறுக்கும் மேயரை ஒரு படம் விடாமல் திருடின. அந்த அறையை மட்டும் திருடவில்லை. காசு தேவைப்படாத ஒரே பொருளை விட்டுவிட்டு வந்த திருடனைப் பார்த்துப் ‘பாவம், ஏழை’ என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஜாஸ் வேண்டாம், தொலைக்காட்சிக்கே வருவோம். 1971 நவம்பரில் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் ‘டூவல்’ வந்தது. இயக்கியது அப்போது 24 வயதுப் பையனாக இருந்த ஸ்பீல்பெர்க். ரிச்சர்ட் மாதெசன் தன் கதையையே திரைக்கதையாக எழுதிக் கொடுத்தார். படப்பிடிப்பு இரண்டு வாரத்துக்குள் முடிந்தது. அதில் மிருகம் ஒரு பழைய, அழுக்குப் பிடித்த பீட்டர்பில்ட் லோரி. ஆளில்லாச் சாலையில் ஒரு சாதாரண விற்பனைப் பிரதிநிதியின் காரை அது விரட்டிக்கொண்டே வரும். ஏன் என்று படம் சொல்லாது. டிரைவரின் கையும் பூட்ஸும் தெரியும், முகம் தெரியாது.

இதை அப்பாவோடு பார்த்தேன். முப்பது வருஷம் லோரி ஓட்டியவர், படம் பார்த்தால் பாதியில் தூங்கிவிடுவார். அன்றைக்குத் தூங்கவில்லை. ஆரம்பத்தில் பெட்ரோல் ஸ்டேஷன் பையன் காரைத் திறந்து பார்த்துவிட்டு ரேடியேட்டர் ஹோஸை மாற்றவேண்டும் என்பான். இந்த ஆள் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். “மாத்துடா அதை, மலை ஏறும்போது தெரியும்” என்று அப்பா திரையைப் பார்த்துச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து மலை ஏற்றத்தில், லோரி பின்னால் வந்துகொண்டிருக்க, அந்த ஹோஸ் போய்விடுகிறது. அப்பா நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். நான் வேலை பார்ப்பது ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில். எனக்குத் தெரிந்து ஒரு படத்தில் பயம் ஐம்பது வெள்ளி சாமானுக்குள் இவ்வளவு சுத்தமாக ஒளித்துவைக்கப்பட்டதில்லை. படம் முடிந்து கொஞ்ச நேரம் அப்பா பேசவில்லை. பிறகு, “அந்த டிரைவர் மூஞ்சியக் காட்டாதது நல்லது. காட்டியிருந்தா யாரோ ஒருத்தன்னு ஆயிருக்கும்” என்றார். இதைவிட நல்ல விமர்சனம் அந்தப் படத்துக்கு நான் வாசித்ததில்லை.

நான்கு ஆண்டு கழித்து அதே ஏபிசியில் ‘டிரிலஜி ஆஃப் டெரர்’ வந்தது. அதன் மூன்றாவது கதையில் ஒரு வீடு, ஒரு மர பொம்மை, ஒரு நடிகை. அவ்வளவுதான் முதல் போட்டது. இன்றைக்கும் ராத்திரி தனியாகப் பார்க்கமுடியாது.

‘அப்போ பொம்மை இருந்தது, இப்போ கம்ப்யூட்டர், அதான் பிரச்சினை’ என்று சிலர் தொழில்நுட்பத்தின் மேல் பழி போடுவார்கள். பாதி உண்மை. என் இறுதியாண்டு ஆய்வுக்கு ஒரு குழாய் வளைவில் தண்ணீர் எப்படிப் போகிறது என்று கணினியில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு முறை ஓட்ட இரண்டு இரவு ஆனது. அது வெறும் குழாய். கடலைக் கிழித்துக்கொண்டு வரும் சுறாவைச் சுற்றித் தண்ணீர் சிதறுவதையும், நுரை விழுவதையும், உடம்பிலிருந்து வழிவதையும் ஒழுங்காகச் செய்யக் காலமும் காசும் வேண்டும். இவர்களிடம் இரண்டும் கிடையாது. அதனால்தான் மலிவுப் படச் சுறா தண்ணீரில் நனைவதில்லை. ஸ்டிக்கர் மாதிரி கடல்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். எடை இல்லாததைப் பார்த்துப் பயம் வராது.

ஆனால் ஜாஸ் படத்தின் இயந்திரச் சுறாவும் ஒழுங்காக வேலை செய்யவில்லையே! உப்புத் தண்ணீரில் அது திரும்பத் திரும்பக் கெட்டுப்போனது. 55 நாள் திட்டம் 159 நாள் இழுத்தது. சுறாவைக் காட்டமுடியாத நிலைமையில் ஸ்பீல்பெர்க் மஞ்சள் பீப்பாய்களைக் காட்டினார். பீப்பாய் தண்ணீரில் ஓடினால் கீழே அது ஓடுகிறது என்று நமக்குத் தெரியும். சாமான் பிரேக்டவுன் ஆனபோது மூளை வேலை செய்தது. கணினிச் சுறா பிரேக்டவுன் ஆகாது. கூப்பிட்ட நேரத்துக்கு வந்து பல்லைக் காட்டும். அதனால் யாரும் உட்கார்ந்து யோசிக்கவேண்டிய அவசியமே வருவதில்லை. பராமரிப்பில் இருக்கிற நான் இதைச் சொல்லக்கூடாதுதான், ஆனால் சில மெஷின்கள் நின்றுபோவது நல்லது.

எனக்கு மிகவும் எரிச்சல் ஊட்டும் உதாரணம் வேறு. அது ஒரு மீன். 2002-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம், கிராஃப்டன் என்ற சிற்றூரில் ஒரு குளத்தில் விரால் இனத்து மீன் பிடிபட்டது. சீனத்து விரால். நம் ஹாருவானுக்குச் சொந்தக்கார மீன். அமெரிக்கப் பத்திரிகைகள் குதித்தன. காற்றைச் சுவாசிக்கும் மீன், தரையில் நடக்கும் மீன், பிராங்கன்ஃபிஷ்! அந்த ஆண்டு செப்டம்பரில் குளத்தில் விஷம் கலந்து எல்லா மீனையும் கொன்றார்கள். இரண்டே ஆண்டில் ‘ஸ்னேக்ஹெட் டெரர்’, ‘பிராங்கன்ஃபிஷ்’ என்று இரண்டு படங்கள். ஒன்றில் ஏரியில் கொட்டிய வளர்ச்சி ஹார்மோனால் விரால் முதலை அளவுக்கு வளர்கிறது. இன்னொன்றில் மரபணு மாற்றம்.

இங்கே ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தால் அம்மா செய்கிற முதல் காரியம் பாசாரில் உயிருள்ள ஹாருவான் தேடுவதுதான். புண் சீக்கிரம் ஆறும் என்று தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோரும் நம்பும் ஒரே மீன் அது. அக்காவுக்கு சிசேரியன் ஆனபோது வீடு முழுக்க அந்த சூப் வாசம். அமெரிக்காவில் மிருகமாக ஓடிய மீனைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகுதான் கிராஃப்டன் குளத்துக்கு அந்த மீன் எப்படி வந்தது என்று வாசித்தேன். ஹாங்காங்கிலிருந்து வந்து அங்கே குடியேறிய ஒருவர் நியூயார்க் சந்தையிலிருந்து ஒரு ஜோடி வரவழைத்திருக்கிறார். உடம்பு முடியாத தங்கைக்கு சூப் வைக்க! மீன் வருவதற்குள் தங்கைக்குக் குணமாகிவிட்டது. கொல்ல மனமில்லாமல் தொட்டியில் வளர்த்து, பெரிதானதும் குளத்தில் விட்டுவிட்டார். குளத்தில் அது பெருகிவிட்டது.

இதைவிட ஒரு மிருகக் கதைக்கு என்ன வேண்டும்? வந்தேறி ஒருவனின் பாசம், ஒரு குளத்துக்கே விஷமாகிறது. அவன் வில்லனில்லை, ஆனால் தவறு அவனுடையதுதான். ஊர் அவனைப் பார்க்கிற பார்வையில் மீன் எது, மனிதன் எது என்று குழம்பும். இத்தனையும் செய்தித்தாளில் இலவசமாகக் கிடந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹார்மோன் டப்பாவை எடுத்துக்கொண்டார்கள். இதுவும் பட்ஜெட்டா? ஹார்மோன் டப்பாவுக்கும் சூப் சட்டிக்கும் என்ன விலை வித்தியாசம்?

2013 ஜூலையில் ஷார்க்நேடோ வந்த பிறகு கதை இன்னும் மோசம். முதல் இரவு அதைப் பார்த்தவர்கள் 14 லட்சம்கூட இல்லை. சைஃபைக்கு அது சாதாரண எண்ணிக்கைதான். ஆனால் டுவிட்டர் முழுக்கக் கிண்டல், கிண்டல், கிண்டல். கிண்டலே விளம்பரம் என்று சேனலுக்குப் புரிந்துவிட்டது. 2018 வரைக்கும் ஆண்டுக்கு ஒன்று என்று மொத்தம் ஆறு படம். படத்தின் பெயர்களே ஜோக். பிரபலங்கள் வந்து ஒரு நிமிடம் நின்று கடிபட்டுச் சாவார்கள். மூன்றாவது படத்தின் முடிவில் நாயகி செத்தாளா பிழைத்தாளா என்று காட்டாமல், அதை டுவிட்டரில் ஓட்டுக்கு விட்டார்கள். ஒரு உயிர், இரண்டு ஹேஷ்டேக்! மிருகப் படம் என்ற வகை அந்த இடத்தில் செத்துப்போனது என்பது என் கட்சி. முன்பு அவர்கள் பயமுறுத்தப் பார்த்தார்கள், முடியவில்லை, நமக்குச் சிரிப்பு வந்தது. இப்போது அவர்களே முதலில் சிரித்துவிடுகிறார்கள். தோற்கமுடியாத ஏற்பாடு. நன்றாக வந்தால் திறமை, மோசமாக வந்தால் ‘அதுதானே ஜோக்கு!’. அன்றைக்கு அந்த வீட்டில் சிரித்த நாங்கள் புத்திசாலிகள் என்று நினைத்துக்கொண்டோம். எங்கள் சிரிப்பைத்தான் அவர்கள் ஆறு முறை விற்றிருக்கிறார்கள்.

இவ்வளவு கோபம் ஏன் என்று கேட்டால், நானும் அதைச் செய்திருக்கிறேன்.

பல்கலைக்கழக மூன்றாம் ஆண்டில் ஐந்து பேர் சேர்ந்து பன்னிரண்டு நிமிடக் குறும்படம் எடுத்தோம். கதை ஒரு நண்பனுடையது, அவன் பாட்டி சொன்னது. ஆற்றோரத் தோட்டம். பால்வெட்டு முடிந்து வாளி கழுவப் போன ஓர் ஆளை முதலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் காலை பெரட்டில் கிராணி வழக்கம்போல அவர் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. ‘ஆப்செண்ட்’ என்று எழுதினார். சம்பளத்தில் அந்த நாள் கழிந்தது. பாட்டிக்கு முதலையைவிட அந்தப் பேனாதான் ஞாபகம் இருந்தது என்று நண்பன் சொன்னான்.

மீன் பெட்டி போலிஸ்டைரினை வெட்டி, பிவிசி குழாயை முதுகெலும்பாக வைத்து முதலை செய்தோம். நான்தான் செய்தேன், தாடை நன்றாகத் திறந்து மூடும். ஹாஸ்டல் கூடத்தில் போட்டுக் காட்டியபோது முதலை வந்த நொடியே கூட்டம் சிரித்தது. முதலை மிதந்த விதம் அப்படி. எங்களுக்கு வியர்த்துவிட்டது. போட்டிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. யார் முதலில் சொன்னது என்று இப்போதும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை, ஆனால் நானாகத்தான் இருக்கும்: “காமெடின்னு சொல்லிருவோம்டா.” பின்னணிக்கு ஒரு கோமாளி இசை. முதலைக்கு ஒரு குரல், வசனம்கூட. பெரட்டுக் காட்சி ‘மூடைக் கெடுக்குது’ என்று வெட்டினோம். மூன்றாம் பரிசு கிடைத்தது. மேடைக்கு நான்கு பேர் போனோம். கதை சொன்னவன் கழிவறையில் இருந்ததாகச் சொன்னான்.

யாரும் எங்களைக் கேட்கவில்லை, ஏன் அந்தக் காட்சி இல்லை என்று. யாருக்கும் அது இருந்ததே தெரியாது. ‘மாணவர்கள் இவ்வளவு செய்ததே பெரிசு’ என்றார் நடுவர்.

ஷார்க்நேடோ பார்த்த மறுநாள் அவனுக்குச் செய்தி அனுப்பினேன். இப்போது ஜொகூரில் வேலை, ஒரு பிள்ளை. எழுதுவதில்லை. மூன்று நாள் கழித்துப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் தேடி அந்தத் துண்டை அனுப்பினான். ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. கேண்டீன் அக்காதான் அந்த ஆளின் மனைவியாக நின்றிருக்கிறார். முக்காடு, கையில் காண்டா வாளி. கிராணி பெயரைக் கூப்பிடுகிறார். அக்கா வாயைத் திறந்து மூடுகிறார். நாங்கள் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. இரண்டாவது முறை கூப்பிடுகிறார். பேனா நகர்கிறது.

வீடியோவுக்குக் கீழே அவன் ஒரு வரி எழுதியிருந்தான்: “பின்னாடி உன் மோட்டார் தெரியுதுடா, திரும்ப எடுக்கணும். அந்த அக்கா இன்னும் அங்கதான் இருக்காங்களா?”